சேலை கட்டிய உடற்பயிற்சி

ரேச்சல் ரீச்சரின் உடம்பைப் பற்றி ரேச்சல் ரீச்சருக்கே விளக்கம் சொன்னவன், அவரிடம் எட்டாம் வகுப்பில் விஞ்ஞானம் படித்த சிவதர்ஷன். இப்போது அவன் டொக்டர். இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கையில் பிடித்தபடி, அந்தக் காலத்தில் ரீச்சர் அவனுடைய விடைத்தாளைப் பார்த்த அதே முகத்தோடு பார்த்தான்.

“சீனி ஏறியிருக்கு ரீச்சர். முழங்காலும் தேயத் தொடங்கீட்டுது. பாரம் குறைக்கவேணும். மருந்து மட்டும் காணாது, ஒவ்வொரு நாளும் உடம்பை அசைக்கவேணும்.”

“நான் அசையாமலோ இருக்கிறன்? சமைக்கிறன், வீட்டு முத்தம் கூட்டுறன், கோயிலுக்குப் போறன்...”

“உது அலுவல் ரீச்சர். நான் சொல்லுறது உடற்பயிற்சி.”

சொன்னது மாணவன் என்றாலும் சரியான விடை சரியான விடைதான். ரீச்சர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

முதலில் நடந்துதான் பார்த்தார். ஆனால் கொக்குவிலில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் காரணமில்லாமல் ரோட்டில் நடப்பது லேசான காரியமில்லை. ரெயில்வே கடவையைத் தாண்டுவதற்குள் இரண்டு மோட்டார்சைக்கிள்கள் நின்றன. “எங்கை ரீச்சர் நடந்து போறியள்? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்.” எங்கும் போகவில்லை, சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டார்கள். ஓட்டோக்காரக் கோகுலன், அவனும் ஒரு காலத்து மாணவன், பதிலுக்கே காத்திராமல் அவரை ஏற்றிக்கொண்டுவந்து அவருடைய வீட்டுப் படலையிலேயே இறக்கிவிட்டு, காசும் வாங்காமல் போய்விட்டான். அடுத்த ஞாயிறு கோயிலில் போதகரின் மனைவி மெல்லக் கேட்டார்: “ரீச்சர், வீட்டிலை தனிய இருக்க ஏலாமல் ரோட்டு ரோட்டாய் நடக்கிறியளாம், உண்மையோ?” அன்றோடு நடை நின்றது.

மகன் ஜொனதனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் ரொறன்ரோவில் இருக்கிறான். வெளிநாட்டுப் பிள்ளைக்கு வருத்தத்தைச் சொல்லக்கூடாது என்பது ரீச்சர் தனக்குத் தானே போட்ட சட்டம். ஊரில் பாதித் தாய்மார் போட்டிருக்கிற சட்டமும் அதுதான். அவன் போனில் “எப்பிடி அம்மா சுகம்?” என்று கேட்பான். “ஒண்டுமில்லை தம்பி, சுகமாய் இருக்கிறன்” என்று இவர் சொல்லுவார். புருஷன் காலமான பிறகு இத்தனை வருடமாக இந்தக் கேள்விக்கு வேறு பதில் போனதில்லை.

போன நத்தார் பண்டிகைக்கு வந்திருந்தபோது அவன் ஒரு பெரிய ரிவி வாங்கி வீட்டு மண்டபத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். இணையம் வருகிற ரிவி. தன்னுடைய பேரையும் கடவுச்சொல்லையும் அதில் அடித்துவிட்டு, “இனி உங்களுக்கு விளம்பரம் ஒண்டும் வராது அம்மா. இந்தப் பொத்தானை அமத்திக்கொண்டு தமிழிலை கதையுங்கோ, கேட்டது வரும்” என்று காட்டிக்கொடுத்தான். அதன்பிறகு ரீச்சர் அதில் கீர்த்தனைகளும் பிரசங்கங்களும்தான் கேட்டுவந்தார். ஒரு மத்தியானம், தெருவே நித்திரை கொள்ளுகிற நேரத்தில், படலையைக் கொழுவிவிட்டு வந்து ரிமோட்டை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

“பொம்பிளையள் செய்யிற உடற்பயிற்சி.”

வந்தவளைப் பார்த்ததும் ரீச்சர் எழும்பிப்போய் ஜன்னலைச் சாத்தினார். இருபது வயதுப் பிள்ளை. போட்டிருந்தது உடுப்பா, உடம்புக்குப் பூசிய நிறமா என்று தெரியவில்லை. குனிந்தாள், நிமிர்ந்தாள், கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பவும் குனிந்தாள். ரீச்சர் “சீ” என்றார். ஆனால் நிறுத்தவில்லை. முழு விடைத்தாளையும் வாசிக்காமல் அவர் ஒருநாளும் புள்ளி போட்டதில்லை. எங்காவது ஒரு நல்ல வசனம் இருக்கக்கூடும் என்று கடைசிவரைக்கும் பார்ப்பார். இதையும் அப்படியே பார்த்தார். கடைசிவரைக்கும் நல்ல வசனம் எதுவும் வரவில்லை.

பிழை கேள்வியில் இருக்கிறது என்று அவருடைய விஞ்ஞான மூளை சொன்னது. கேள்வியைத் திருத்தினார்.

“சேலை கட்டின பொம்பிளையள் செய்யிற உடற்பயிற்சி.”

கர்த்தாவே! சேலை இருந்தது. இருக்கவேண்டிய இடத்தில்தான் இல்லை. ஒருத்தி வீடு கூட்டினாள், வீட்டுவேலையே நல்ல உடற்பயிற்சி என்று மேலே எழுதியிருந்தது. படம் பிடித்தவனுக்கோ நிலத்தைப் பற்றி எந்த அக்கறையும் இருக்கவில்லை. இன்னொருத்தி மா இடித்தாள். மற்றொருத்தி சும்மா நின்று மூச்சு மட்டும் விட்டாள், அதற்கே லட்சக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் சேலை என்றால் மரியாதை. ரீச்சர் முப்பது வருடம் அதைக் கட்டிக்கொண்டுதான் வகுப்புக்குள் போனார். ரிவிக்குள் இருந்த உலகத்தில் அதற்கு வேறு அர்த்தம் இருந்திருக்கிறது, இவருக்குத்தான் தெரியாமல் போயிற்று.

அந்தக் கருவியோ பார்க்கப் பார்க்க, இவருக்கு இதுதான் பிடிக்கும் என்று முடிவுகட்டிவிட்டது. அடுத்தநாள் ரிவியைப் போட்டால், கீர்த்தனை இருந்த இடமெல்லாம் சேலைகள். ரீச்சர் ஒழுங்கான ஒன்றைத் தேடி ஒவ்வொன்றாகத் திறந்தார். திறந்ததை முடித்தார். நடுவில் ஒருநாள் முழங்கால் நோவுக்குக் கதிரையில் இருந்தபடி செய்கிற பயிற்சி ஒன்று கிடைத்தது. சொன்னவர் நரைத்த தலைக்காரர், நல்ல மனுஷன், ஆனால் கேட்டுக்கொண்டிருக்கவே நித்திரை வந்தது.

பிறகுதான் அந்தக் கடற்கரைப் பெண் வந்தாள். வேறு ஏதோ ஒரு நாடு, விளங்காத பாஷை. ரீச்சருடைய வயது இருக்கும், ரீச்சரைவிடத் தடிப்பு. தொடை தெரிகிற காற்சட்டையும் கையில்லாத சட்டையும் போட்டுக்கொண்டு, மணலில் நின்று, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, இடுப்பை ஆட்டி, பிழைத்த இடமெல்லாம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு பயிற்சி செய்தாள். ரீச்சர் அவளைக் கடைசிவரை பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். அடுத்த மத்தியானமும் அவளையே தேடிப் போட்டார். ஒருநாள் எழும்பிநின்று தானும் கைகளைத் தூக்கினார். வீட்டில் போடுகிற சோட்டியின் தையல் அக்குளில் இழுத்தது. தலைக்குமேல் இரண்டு கையும் போனது பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் சிறுமியாக நின்ற காலத்துக்குப் பிறகு இதுதான் முதல்தடவை என்று நினைத்தார். சேலைக்காரிகளைப் பார்த்தது பிழைபிடிக்க என்று சாட்டுச் சொல்லலாம். இவளைப் பார்த்தது பிடித்துத்தான். அதுதான் அவருக்குப் பெரிய பாவமாகத் தெரிந்தது.

ஒருநாள் அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குணலட்சுமி பின்பக்க வேலியில் ஆள் நுழைகிற பொட்டால் வந்துவிட்டார், கையில் கறிக்கு ஒரு வாழைப்பொத்தி. ரீச்சர் பதறி ரிமோட்டை அமத்த, ரிவி நிற்பதற்குப் பதிலாகப் படம் அப்படியே உறைந்து நின்றது. மா இடிக்கிறவள். உலக்கை உயர்ந்தபடி, முந்தானை தாழ்ந்தபடி.

“என்ன ரீச்சர் உது?”

“உது... தம்பி பூட்டிவிட்ட ரிவி. கனடாவிலை அவன் பாக்கிறது எல்லாம் இதிலையும் வருது போலை.”

சும்மா வாயில் வந்த சாட்டு. குணலட்சுமி படத்தை ஒருதரம் வடிவாகப் பார்த்துவிட்டு, “ஆம்பிளைப் பிள்ளையள்தானே” என்று சொல்லி வாழைப்பொத்தியை வைத்துவிட்டுப் போனார். ரீச்சர் அன்று இரவு அதை நினைத்தார், ஆனால் ஒரு சின்னப் பொய்தானே என்று விட்டுவிட்டார்.

அந்தக் கிழமையே மருமகள் மிரியம் போன் எடுத்தாள். மிரியம் உடுவில் அன்புராஜாவின் ஒரே பெண். ரீச்சரே பார்த்து, ரீச்சரே பேசி முடித்த கலியாணம். இரண்டு வருடம் முடியவில்லை. “என்ரை பிள்ளை சுத்தமான பிள்ளை, அதுக்கு நான் உத்தரவாதம்” என்று அன்புராஜா வீட்டு மண்டபத்தில் வைத்து ரீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார்.

“மாமி, ஆரிட்டைச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. அம்மாவிட்டைச் சொன்னால் அப்பாவுக்குப் போகும்.” அவள் அழுதுகொண்டிருந்தாள். “இவர்... இவர் கூடாத வீடியோ பாக்கிறார் மாமி.”

“என்ன பிள்ளை சொல்லுறீர்?”

“எங்கடை ரிவியைப் போட்டனான், சமையல் ஒண்டு பாக்க. திறந்த உடனை முழுக்கப் பொம்பிளையள். இவரின்ரை கணக்கிலை பாத்தது எல்லாம் பதிஞ்சு கிடக்கு. ஒண்டு ரெண்டில்லை. அதுவும் சேலை கட்டின ஆக்களாம் மாமி! வீடு கூட்டுறதாம், மா இடிக்கிறதாம்! எல்லாம் விடியச்சாமத்திலை பாத்தது. இவர் வேலைக்கெண்டு இருட்டோடை எழும்பிக் கீழை பேஸ்மென்ரிலை போயிருந்து தேத்தண்ணி குடிக்கிறவர். நான் நித்திரை குழம்பக்கூடாதெண்டு போறார் எண்டெல்லோ நினைச்சனான்.”

ரீச்சர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

“ஒரு தடிச்ச மனுஷி மாமி, கடற்கரையிலை நிண்டு ஆடுறா. அதைத் திரும்பத் திரும்பப் பாத்திருக்கிறார். எனக்கு அதுதான் தாங்கேலாமல் கிடக்கு. என்னட்டை இல்லாதது அவவிட்டை என்ன மாமி?”

சுவரில் ரிவி கறுப்பாக இருந்தது. அதில் ஜொனதன் தன்னுடைய பேரை அடித்தது, ரீச்சரின் கண்ணுக்கு முன்னால் வந்தது. இங்கே மத்தியானம் என்றால் அங்கே விடியச்சாமம். விஞ்ஞான ரீச்சருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம்: “பிள்ளை, அது நான்.” மூன்று சொல். வாய் திறந்ததும் வந்தது வேறு.

“ஆம்பிளையளின்ரை புத்தி அது பிள்ளை. நீர் பொறுத்துப்போம். ஜெபம்பண்ணும். நானும் அவனுக்காக ஜெபிக்கிறன்.”

போனை வைத்த பிறகு, தான் சொன்னதைத் தானே நம்பமுடியாமல் நெடுநேரம் இருந்தார். பெற்ற பிள்ளையை அவனுக்கே தெரியாமல் விற்றது மாதிரி இருந்தது. ரிவியின் வயரைக் கழற்றினார். காணாதென்று, கதிரையில் போடும் பின்னல் துணியை எடுத்து அதை மூடியும் விட்டார். அன்றிரவு ஜெபிக்க முழங்காலில் நின்றார். முழங்கால் நொந்தது, சொல் வரவில்லை. ‘அவனை மன்னியும்’ என்று தொடங்கினால், எவனை, எதற்கு என்று மேலே இருக்கிறவர் கேட்பார் போல் இருந்தது.

ஜொனதன் இரண்டு நாள் கழித்து எடுத்தான். குரல் நித்திரை இல்லாத குரல்.

“எப்பிடி அம்மா சுகம்?”

“ஒண்டுமில்லை தம்பி, சுகமாய் இருக்கிறன்.”

“ரிவி வேலை செய்யுதோ?”

“ஓம்... ஓம், வேலை செய்யுது.”

“அதிலை என்ன அம்மா பாக்கிறனீங்கள்?”

“நான் என்னத்தைப் பாக்கிறது? பிரசங்கம். பாட்டு. வேறை என்ன தம்பி?”

பிறகு மிக மெதுவாகச் சொன்னான்.

“மிரியம் உங்களோடை கதைச்சவவாம். அவ கோபத்திலை நிக்கிறா. அப்ப... நான்தான் பாத்திருக்கிறன் அம்மா.”

அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான், தாய் வெளியே வரட்டும் என்று. ரீச்சர் அந்தக் கதவைச் சாத்தினார்.

“கர்த்தர் மன்னிப்பார் தம்பி” என்றார்.

“ஓம் அம்மா” என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

வைத்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. பார்க்காத ஒருவன் ஏன் பார்த்தேன் என்று சொல்லவேண்டும்? ரிவியை ஏன் விசாரிக்கவேண்டும்? அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டான், தெரிந்துகொண்டே ஏற்றுக்கொண்டான். தன்னுடைய குற்றத்துக்கு மகனிடமே மன்னிப்பை எடுத்து நீட்டியிருக்கிறார், அதுவும் கர்த்தரின் பேரில். ரீச்சர் குசினிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதார்.

அடுத்த நாள் மிரியத்தின் சேதி வந்தது. “அவர் ஒத்துக்கொண்டார் மாமி. நான் சனிக்கிழமை சாமானைக் கட்டிக்கொண்டு அண்ணையிட்டைப் போவம் எண்டிருந்தனான், பிறகு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்காக நிக்கிறன். அப்பாவிட்டை மேலோட்டமாய்ச் சொல்லியிருக்கிறன். அது முடியப் போயிடுவன்.”

ஞாயிறுதோறும் இரண்டு குடும்பமும் சூம் வீடியோவில் சேர்ந்து ஜெபிப்பது கலியாணம் முடிந்த நாளிலிருந்து வழக்கம். இங்கே பொழுதுபடுகிற நேரம், அங்கே விடிந்த நேரம். நடத்துவது உடுவிலில் இருந்து அன்புராஜா. எல்லாரும் சேர்ந்து பாடினால் ஒருவர் பாட்டு மற்றவர் பாட்டுக்குப் பின்னால் இழுபடும் என்பதால், பாட்டு நேரத்தில் அவர் எல்லாருடைய சத்தத்தையும் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் பாடுவார். அவருடைய குரலுக்கு அது நல்ல ஏற்பாடு என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனாலும் சம்பந்தி.

அந்த ஞாயிறு ரீச்சர் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் இருந்தார். சின்னச் சின்னப் பெட்டிகளில் முகங்கள் வந்தன. அன்புராஜாவும் மனைவியும் ஒரு பெட்டியில். மொன்றியலில் இருந்து மிரியத்தின் தமையன் டிலக்ஷன் ஒரு பெட்டியில். ஜொனதன் ஒன்றில், பின்னால் பேஸ்மென்ரின் வெறுஞ்சுவர். மிரியம் இன்னொன்றில், பின்னால் கட்டில், கட்டிலில் ஒரு சூட்கேஸ். ஒரே வீட்டுக்குள் இரண்டு பெட்டி. ரீச்சர் பார்வையை எடுத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. அன்புராஜா தொண்டையைச் செருமினார்.

“எங்கடை குடும்பத்திலை ஒரு பிள்ளை சோதினைக்குள்ளை விழுந்திருக்கு. பேர் சொல்லத் தேவையில்லை. கர்த்தருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்காக ரேச்சல் ரீச்சர் ஜெபிப்பா. தாய் ஜெபிச்சால்தான் அது ஜெபம்.”

ஜொனதன் தலையைக் குனிந்தான். முப்பத்திரண்டு வயது ஆம்பிளை, பிரம்படிக்குக் கை நீட்டிய பொடியன் மாதிரி இருந்தான். ரீச்சர் கண்ணை இறுக மூடினார். மூடியபடியே தொடங்கினார்.

எல்லாவற்றையும் சொன்னார். டொக்டர் சொன்னதையும், ரோட்டில் நடக்க முடியாமல் போனதையும், நல்லதைத் தேடித்தான் போனதையும், இந்தக் காலத்து இணையம் ஒரு வலை என்பதையும், கண் உடலின் விளக்கு என்பதையும், தாவீது ராஜாவே தவறினார் என்பதையும் சொல்லி, அடியாளும் ஒரு பலவீனமான பாத்திரம் என்று அழுது, பிள்ளை குற்றமற்றவன் என்று முடித்தார். முப்பது வருடம் வகுப்பெடுத்த நாக்கு. நடுநடுவே வேதவசனமும், தனக்கு அனுகூலமான சாட்டும் தானாக வந்து பொருந்தின. “ஆமென்” என்று சொல்லிக் கண்ணைத் திறந்தார்.

எல்லாப் பெட்டியிலும் கைகள் ஆடிக்கொண்டிருந்தன. அன்புராஜா காதைத் தொட்டுக் காட்டினார். டிலக்ஷன் போனுக்குக் கிட்ட வந்து கத்தினான்.

“மாமி, சத்தம் வரேல்லை! பாட்டுக்கு நிப்பாட்டினதைப் பிறகு திறக்கேல்லை நீங்கள். முதலிலை இருந்து சொல்லுங்கோ!”

ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

ரீச்சர் சிவப்பாக இருந்த அந்தச் சின்ன மைக் குறியைப் பார்த்தார். அதை அமத்தினால் சத்தம் மற்றவர்களுக்குப் போகும். அமத்திவிட்டு வேறு எதையும் ஜெபிக்கலாம். பிள்ளையைப் பெலப்படுத்தும், சமாதானம் தாரும், ஆமென். ஒருவருக்கும் தெரியவராது. கர்த்தருக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று, அவர் சத்தம் நின்றிருந்தாலும் கேட்டிருப்பார். இப்படி ஒரு நினைவு தனக்கு வந்ததே என்று ரீச்சருக்கு உடம்பு கூசியது, ஆனால் வந்தது. வந்து, கொஞ்சநேரம் நின்றது.

அப்போது ஜொனதனின் பெட்டியைப் பார்த்தார். அவன் நிமிர்ந்திருந்தான். சத்தமில்லாமல் ஆடிய வாயையும் வழிந்த கண்ணீரையும் அவன் பார்த்திருக்கவேண்டும். தாய் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும், மற்றவர்கள் கவனிக்காத அளவுக்கு, தலையை இடமும் வலமும் மெல்ல அசைத்தான். வேண்டாம் அம்மா.

ரீச்சர் குறியை அமத்தினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

“நான்தான் பாத்தனான்.”

“என்னத்தை ரீச்சர்?” என்றார் அன்புராஜா.

முதல்தடவை கட்டி அடுக்கிய சொல்லில் ஒன்றும் இப்போது மிச்சமில்லை. “மிரியம் கண்டது எல்லாம் நான் பாத்தது. இஞ்சை இருக்கிற ரிவியிலை, மத்தியானத்திலை. ஜொனதன்ரை கணக்கு அதிலை கிடக்கு. அவன் ஒண்டும் பாக்கேல்லை. என்னைக் காப்பாத்த ஒத்துக்கொண்டவன்.”

டிலக்ஷன் சிரிப்பை அடக்கமுடியாமல் பெட்டியை விட்டு வெளியே போனான். அன்புராஜாவின் மனைவி வாயில் கை வைத்தார். மிரியம் மட்டும் அசையவில்லை.

“அந்தக் கடற்கரை மனுஷியும் நீங்களோ மாமி?”

“ஓம் பிள்ளை.”

“திரும்பத் திரும்ப?”

“ஓம். அவ கையைத் தூக்கிச் சிரிச்சுச் சிரிச்சுச் செய்தா. எனக்கு அது விருப்பமாய் இருந்தது.” கோயில் மாதர் சங்கத் தலைவி ரேச்சல் ரீச்சர், சம்பந்தி வீட்டுக்கு முன்னால், இதைச் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார், அடுத்த கேள்வி எது என்று அவருக்குத் தெரியும்.

“அண்டைக்கு நான் அழேக்கை, அது நீங்கள்தான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ என்னைப் பொறுத்துப்போகச் சொன்னனீங்கள்?”

“ஓம் பிள்ளை. தெரிஞ்சுகொண்டுதான்.”

மிரியத்தின் பெட்டி கறுத்தது. அன்புராஜா வேதப்புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கொஞ்சநேரம் கழித்து ஜொனதனின் பெட்டிக்குள் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். பெண்ணின் தோள் ஒன்று உள்ளே வந்தது, அவனுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு அந்தப் பெட்டியும் கறுத்தது. அன்புராஜா அவசரமாக ஆசீர்வாதம் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

ரீச்சர் விளக்குப் போடாமல் மண்டபத்திலேயே இருந்தார். கடைசி ரெயில் போனது. பாரம் இறங்கும் என்று நினைத்தார். இறங்கவில்லை, இடம்தான் மாறியது. வீடியோ பார்த்தது இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் அழுகைக்கு நடுவே தான் சொன்ன அறிவுரைதான் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

போன் அடித்தது. ஜொனதன்.

“சூட்கேஸ்?” என்றார் ரீச்சர், வேறு எதுவும் கேட்கமுடியாமல்.

“திரும்ப அலுமாரிக்கு மேலை போயிட்டுது. உங்களோடை கோபம்தான். கொஞ்சநாள் கதைக்கமாட்டா. விடுங்கோ.”

“உனக்கு எப்ப தெரியும் தம்பி?”

“அவ காட்டின அண்டைக்கே. மூண்டு சேலைக்கு நடுவிலை ஒரு முழங்கால் நோ கிடந்துது அம்மா. கதிரையிலை இருந்து செய்யிறது. நத்தாருக்கு வந்தநேரம் நீங்கள் முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு எழும்புறதைக் கண்டனான். எங்கடை வீட்டிலை வேறை ஆருக்கு முழங்கால் நோ?”

ரீச்சர் சிரிக்கப்போய் அழுதார். அவன் பொறுத்திருந்தான்.

“நீங்கள் பாத்ததுக்கு எனக்கு ஒண்டுமில்லை அம்மா. பாருங்கோ, ஆடுங்கோ, என்னவும் செய்யுங்கோ. ஆனால் கர்த்தர் மன்னிப்பார் எண்டு சொன்னனீங்கள் பாருங்கோ...” அவன் குரல் உடைந்து, திரும்பச் சரியானது. “அது நொந்தது.”

“ஓம் தம்பி.” சாட்டு ஒன்றும் வரவில்லை. வரவிடவும் இல்லை. “அது நான் செய்த பெரிய பிழை.”

எங்கோ அவனுடைய வீட்டில் கேத்தல் கொதித்து விசிலடித்தது, யாரோ அதை நிறுத்தினார்கள்.

“டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ? முழங்கால் எப்பிடி அம்மா?”

“ஒண்டுமில்லை தம்பி, சுகமாய்...” என்று பழகின வாய் தொடங்கியது. ரீச்சர் அதைப் பாதியில் நிறுத்தினார்.

“நோகுது தம்பி,” என்றார். “கனக்க நோகுது.”